அரிசிப் பெட்டியில் அறுநூறு பிள்ளைகள்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் சுங்கைப் பட்டாணியில் அரிசி இல்லாத அரிசிப் பெட்டிக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் பூட்டுப் போட்ட அரிசிப் பெட்டி ஒன்றே ஒன்றுதான். அது ரயில் நிலையத்துக்குப் பின்னால், காலஞ்சென்ற பள்ளிக்கூடக் குமாஸ்தா, கிராணி கதிரவேலுவின் வீட்டில் இருந்தது. ஊரே மரவள்ளிக் கிழங்கை அவித்தும் இடித்தும் களியாகக் கிண்டியும் தின்றுகொண்டிருந்த நேரம் அது. ஒரு விதவை தன் அரிசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? வாய்விட்டே கேட்டார்கள்.

"அரிசி இருந்தா நான் ஏன் இப்பிடி ஈர்க்குப் போல இருக்கிறன்?" என்று சிவபாக்கியம் திருப்பிக் கேட்பாள். கேட்டவர்களும் அதே மெலிவில் இருந்ததால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

எந்தப் புண்ணியவானோ ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் இரண்டு சிப்பாய்கள் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். உள்ளே அகல அகலமாக ஒன்பது புத்தகங்கள். ஒருவன் மேலே இருந்ததை எடுத்துப் படீரென்று விரித்தான். பூச்சி அண்டாமலிருக்கச் சிவபாக்கியம் தாளுக்குத் தாள் தூவி வைத்திருந்த புகையிலைத் தூள் அவன் மூக்கில் ஏறியது. பதினோரு தும்மல். கூட வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அந்த வீட்டுப் பக்கம் யாரும் சோதனைக்கு வரவில்லை.

அந்த ஒன்பது புத்தகங்களில்தான் ஊர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறுநூறு பேர் இருந்தார்கள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, வருஷா வருஷம் வாங்கிய மார்க்கு, சீனியர் கேம்பிரிட்ஜ் சோதனையில் தேறினானா தோற்றானா, எல்லாம் உள்ளே இருந்தன. ஒரு வருஷத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே அகலத் தாள், ஒரு பிள்ளைக்கு ஒரே வரி. பிள்ளை மேல் வகுப்புக்குப் போகப் போக வரி வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். அது கதிரவேலு கண்டுபிடித்த முறை. காகிதம் மிச்சம் என்று அவருக்கு அதில் பெரிய பெருமை. வீட்டில் தேநீருக்குச் சீனியைக்கூடக் கரண்டி தட்டி அளந்து போட்ட மனிதர் வேறு எப்படிச் செய்வார்?

நாற்பத்தொன்று டிசம்பரில், சண்டை எல்லையைத் தாண்டிவிட்டது என்று கேட்டதுமே வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் சாவிக் கொத்தைக் கதிரவேலு கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். ஊர் சும்மா இருக்கவில்லை. நாற்காலி போனது, மேசை போனது, கால்பந்துகூடப் போனது. கதிரவேலு ஒரு மாட்டு வண்டியை அமர்த்தி, இந்த ஒன்பது புத்தகங்களையும் பள்ளி முத்திரையையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"மற்ற ஆக்கள் கதிரை மேசை கொண்டு போகினம். நீங்கள் கடதாசி கொண்டு வாறியள்!" என்று சிவபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் சிப்பாய்கள் தங்கும் இடமானது. மிச்சமிருந்த காகிதமெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. மூன்று மாதத்தில் கதிரவேலுவும் போய்விட்டார். மலேரியா. குவினைன் ஒரு மாத்திரைக்கு ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நாளும் அவர் புத்தகங்களைப் பற்றித்தான் பேசினார். 'நீ எப்படி இருப்பாய்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் சிவபாக்கியத்துக்கு ஆறவே இல்லை.

ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவர் சொன்ன ஒன்றையும் அவள் கேட்டதில்லை. செத்த பிறகு எல்லாவற்றையும் கேட்டாள். புத்தகம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றார், போகவில்லை. மையில் எழுதிய எழுத்து ஒன்றையும் மாற்றக் கூடாது என்றார், மாற்றவில்லை. உரியவனோ அவனைப் பெற்றவர்களோ வந்தால்தான் காட்ட வேண்டும், அதுவும் அவன் வரியை மட்டும் என்றார். அதற்காகவே பழைய நாட்காட்டி அட்டையில் ஒரு வரி உயரத்துக்கு நீளமாக ஒரு சன்னல் வெட்டி வைத்திருந்தார். அட்டையைத் தாள் மேல் வைத்தால் ஒரே ஒரு பிள்ளைதான் தெரிவான், மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். அந்தச் சன்னலும் வலக்கோடி வரை போகாது. கடைசிக் கட்டத்துக்கு முன்பே நின்றுவிடும். "அது பெரிய வாத்தியாருக்கு மட்டும்" என்றார். சிவபாக்கியமும் அட்டை வைக்காமல் ஒரு தாளையும் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ரயில்வேயிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை கேட்டுப் போகிறவன் படித்ததற்குச் சான்று வேண்டும் என்று வந்து நின்றால், வரியைப் பார்த்து நகல் எழுதி முத்திரை குத்திக் கொடுப்பாள். மாறாக ஒரு சீப்பு வாழைப்பழமோ நாலு கிழங்கோ வந்தால் வாங்கிக்கொள்வாள். வராவிட்டால் கேட்கமாட்டாள்.

கண்டவர்களும் வந்தார்கள். கடலை வியாபாரி குழந்தைவேலு வந்தான். பொட்டலம் மடிக்கத் தாளில்லாமல் வாழையிலைச் சருகில் கட்டிக் கட்டி அவனுக்கு வெறுத்துப்போயிருந்தது. "ஒன்னே ஒன்னு குடுங்க கிராணியம்மா, வாரா வாரம் கடலை கொண்டாந்து தர்றேன்லா" என்றான்.

"அறுநூறு பிள்ளையளையும் கடலை மடிக்கவோ பெத்து வளர்த்தவை? போம்!"

பக்கத்து ஊரான கூலிமிலிருந்து சுப்பிரமணியம் என்று ஒரு பெரியவர் வந்தார். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சீனியர் தேறியவன் என்று சொல்லிச் சீதனத்தை ஏற்றிக் கேட்கிறார்களாம். புத்தகத்தில் ஒரு கண் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது சாதகப் பொருத்தத்தை விடப் பெரிய பொருத்தம்.

"மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் தன்ர வரியைத் தானே பார்த்து உங்களுக்கு வாசிக்கட்டும்" என்றாள் சிவபாக்கியம்.

மாப்பிள்ளை வரவே இல்லை. கலியாணமும் நடக்கவில்லை. சிவபாக்கியம், தான் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வாள்.

நாற்பத்து மூன்று நடுவில் புக்கிட் செலம்பாவ் தோட்டத்திலிருந்து காளியம்மா வந்தாள். ரப்பர் மரப் பால்வெட்டுக்காரி, கணவனை இழந்தவள், ஒற்றைப் பிள்ளைக்காரி. வெயிலில் எட்டு மைல் நடந்து வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் அழுதாள். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. இப்போது அந்தத் தோட்டத்தில் இருபது வயது நிரம்பிய கலியாணமாகாத பையன்கள் எல்லாரையும் பட்டியல் போட்டுவிட்டார்கள். மகன் மனோகரன் பெயர் அதில் ஏறிவிட்டது. அவன் வெளியே தலைகாட்டினால் வழியிலேயே லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று தாயே வந்திருந்தாள்.

சிவபாக்கியம் முப்பத்தோராம் வருஷத் தாளை எடுத்து அட்டையை வைத்தாள். பன்னிரண்டாவது வரி. மனோகரன், தகப்பன் இருளப்பன், பிறந்தது 1924 ஜனவரி ஒன்று.

"பத்தொன்பதுதான். இருபது இன்னும் ஆகேல்லை. பயப்பிடாதேங்கோ" என்று நகல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள்.

காளியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். சில பேருக்கு உண்மை வயிற்றில் தங்காது.

"கிராணியம்மா, உங்ககிட்ட மறைச்சா அந்த மாரியாத்தா கேப்பா. அவனுக்கு இருபத்தியொன்னு முடிஞ்சிருச்சும்மா. ரப்பர் வெல விழுந்து ஆளுங்கள ஊருக்கு அனுப்புனாங்களே, அந்த வருசம் பொறந்தவன். பள்ளிக்கொடத்துல சேக்கறப்ப வயசு கூடுனா எடுக்க மாட்டாங்கன்னாங்க. அதான்..."

அதான் என்னவென்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சீட்டு இருக்காது. பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் நுனி காதைத் தொட்டால் ஏழு வயது. காதையே பிடித்துக்கொண்டால் வயது கடந்தவன், இடமில்லை. பிறந்த தேதி தெரியாத எல்லாருக்கும் ஜனவரி ஒன்று.

"தலைய அந்தாண்ட சாச்சுக்கடா, நுனி மட்டும் படட்டும்னு நாலு நாளா சொல்லிக் குடுத்தேன்" என்றாள் காளியம்மா.

சிவபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'என் புத்தகத்தில் பொய்யெழுத்து ஒன்று காட்டு' என்று மார்தட்டிய மனிதனை ஒரு பால்வெட்டுக்காரி நாலு நாள் ஒத்திகையில் கவிழ்த்துவிட்டாளே! கவிழ்த்தவள் இவள் ஒருத்திதானா? எத்தனை ஜனவரி ஒன்று அந்தப் பெட்டிக்குள்!

"புத்தகத்தில இருக்கிறதைத்தான் நான் எழுதித் தந்தனான். நீங்கள் இப்ப சொன்னது என்ர காதில விழேல்லை. போயிட்டு வாங்கோ."

நாலு நாளில் காளியம்மா மறுபடி வந்து நின்றாள். ஆள் சேர்க்கும் ஆபீசில் பெரிய கிராணியாக இருந்த பரஞ்சோதி நகலைப் பார்த்துச் சிரித்தானாம். "நானும் அவனும் ஒரே நாள்ல பள்ளிக்கொடத்துல சேந்தவங்க. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். வெள்ளிக்கெழம நானே போய்ப் புத்தகத்தப் பாக்கிறேன். பொய்யா இருந்தா ஜப்பான் துரையவே கூட்டிட்டுப் போறேன்" என்றானாம்.

பரஞ்சோதி தோட்டத்து மளிகைக் கடைக்காரர் மகன். சீனியர் தேறியவன் என்று சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊரில் எல்லாரும் நகல் கேட்டு வந்தபோது அவன் மட்டும் ஒரு தடவையும் வரவில்லை என்பது சிவபாக்கியத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

காளியம்மா போனதும் அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். துரை வந்தால் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு முழுத் தாளையும் பார்ப்பான். அவன் கண்ணில் என்ன படும் என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சுவரில் இருந்த கணவன் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதல் தடவையாக அட்டையை எடுத்தாள்.

கடைசிக் கட்டம் முழுக்கப் பென்சில் எழுத்து. இங்கிலீஷ் புத்தகத்தில் பொடிப்பொடியாகத் தமிழ். 'ஏழு மைல் வெறுங்காலோடு வருகிறான். பிந்தினால் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.' 'மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவதில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறான்.' பன்னிரண்டாவது வரியில்: 'தலையைச் சாய்த்தான். ஒன்பதுக்குக் குறையாது. தாய் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஏழு என்று எழுதினேன்.'

சிவபாக்கியம் சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். சீனியைத் தட்டி அளந்த மனுஷன் பிள்ளைகளுக்கு வயதை அள்ளிக் கொடுத்திருக்கிறாரே! இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நெஞ்சு வலித்தது. இப்படியும் ஒரு மனுஷன் என்று பெருமையாகவும் இருந்தது.

அப்புறம்தான் பயம் வந்தது. பரஞ்சோதி இந்த ஒரு வரியை வாசித்தாலோ, துரை ஆள் வைத்து வாசிக்கச் சொன்னாலோ மனோகரன் சயாமுக்குப் போனது போனதுதான். பென்சில்தானே, அழித்துவிடலாம் என்று ரப்பர்த் துண்டை எடுத்தாள். அழிக்கும் முன் மேல் வரியையும் வாசித்தாள். பதினோராவது வரி, பரஞ்சோதியுடையது. வாசித்துவிட்டு, இனி அழிக்க வேண்டியிராது என்று ரப்பரைத் திரும்ப வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பரஞ்சோதி தனியாகத்தான் வந்தான். சைக்கிளில் ஒரு சாக்குப் பை. உள்ளே அரிசி, நிஜ அரிசி. சிவபாக்கியம் அதைக் கண்ணால் பார்த்தே எட்டு மாதமாகியிருந்தது.

"ஐயா இருந்தா உங்கள இப்பிடி விட்ருப்பாரா? வச்சுக்குங்க கிராணியம்மா" என்று தொடங்கினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த முப்பத்தொன்னாம் வருசத் தாளு... அத மட்டும் கிழிச்சுக் குடுத்துடுங்க. கறையான் தின்னுருச்சுன்னு சொல்லிக்கலாம்லா. மனோகரன் பேர நான் லிஸ்ட்லேர்ந்து எடுத்துர்றேன்."

ஒரு தாளுக்கு ஓர் உயிர். கதிரவேலுவே இருந்தாலும் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாரோ?

"இந்தத் தாளில முப்பத்திரண்டு பேர் இருக்கினம் தம்பி. மற்ற முப்பது பேரும் வந்து தங்கட வரி எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அப்ப துரையக் கூட்டிட்டு வர்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"தாராளமாக் கூட்டிக்கொண்டு வாரும். நான் அட்டை வைச்சுக் காட்ட அவர் விடமாட்டார், முழுத் தாளையும் பார்ப்பார். மனோகரன் பன்னிரண்டாவது. நீர் பதினோராவது. அவனைப் பார்க்கிற கண் உம்மைப் பார்க்காமல் போகுமோ?"

அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தாளின் அமைப்பே அப்படி. கதிரவேலு காகிதம் மிச்சம் பிடித்த மகிமை! பரஞ்சோதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். சிவபாக்கியத்துக்கும் உள்ளுக்குள் பயம்தான். துரை வந்தால் அவள் காக்க நினைத்த பன்னிரண்டாவது வரியும் அல்லவா போய்விடும்!

"உம்மட வரியை நீர் பார்க்கலாம். அது உம்மட உரிமை" என்று அட்டையைப் பதினோராவது வரியில் வைத்தாள். 1940 டிசம்பர், சீனியர், கணக்கில் தோல்வி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிவபாக்கியம் அட்டையை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்தினாள். சன்னலில் கடைசிக் கட்டம் வந்தது. அவனுடைய கட்டம் மட்டும்.

'கணக்குச் சோதனையன்று கடும் காய்ச்சல். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டே எழுதினான். தோற்றதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் வந்து அழுதான். சொல்லவில்லை. கெட்டிக்காரன். அடுத்த முறை கட்டாயம் தேறுவான்.'

பரஞ்சோதி மூன்று தடவை வாசித்தான். அடுத்த முறை என்று ஒன்று வருவதற்குள்தான் சண்டை வந்துவிட்டதே. அவன் உதடு கோணிக்கொண்டது.

"ஐயா இத யார்கிட்டயும் காட்டலையா?"

"எனக்கே காட்டேல்லை."

அவன் எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அரிசியை எடுத்துக்கொண்டு போம்."

"இருக்கட்டும் கிராணியம்மா, நீங்க வச்சுக்குங்க."

"பெட்டியில இடமில்லை."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அது மூலை திரும்பும் வரை சிவபாக்கியம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்த வயிறு அல்லவா, பொய் சொல்லக் கூடாது.

அடுத்த வாரம் காளியம்மா தலையில் ஒரு கூடைக் கிழங்கோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மனோகரன் பெயருக்கு நேரே 'வயது போதாது' என்று எழுதி அடித்துவிட்டார்களாம். இரண்டு பெண்களும் கிழங்கை நடுவில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள்.

பரஞ்சோதி அன்றோடு நல்லவனாகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் லாரியில் ஏறினார்கள். பலர் திரும்பி வரவில்லை. அடிபட்டது ஒரே ஒரு பெயர்தான்.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் போனான். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. புதுத் தலைமையாசிரியர் புத்தகங்களைக் கேட்டு ஆளனுப்பினார். சிவபாக்கியம் ஒரு மாதத் தவணை கேட்டாள். அந்த ஒரு மாதமும் ரப்பர்த் துண்டோடு உட்கார்ந்தாள். தலை சாய்த்த பிள்ளைகள் நாளைக்கு அரசாங்க வேலைக்குப் போவார்கள். அந்தப் பென்சில் எழுத்து அந்நியர் கண்ணில் பட்டால் அவர்கள் சோற்றில் மண் விழும். மையில் எழுதியதை மாற்றக் கூடாது என்றுதானே சொன்னார், பென்சிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தாள், அப்புறம் அழித்தாள். கணவனுடைய எழுத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

ஒரு வரியில் மட்டும் கை நின்றது. உரியவனைக் கேட்காமல் அழிப்பது முறையா என்று ஆளனுப்பினாள். பரஞ்சோதி வந்தான். வேலை போய், ஊர் வாயில் விழுந்து, பாசார்ச் சந்தையில் விறகு விற்றுக்கொண்டிருந்தான். நாலாவது தடவையாக வாசித்தான்.

"இது மட்டும் இருக்கட்டும் கிராணியம்மா" என்றான்.

அடுத்த டிசம்பரில் அவன் மறுபடி சோதனை எழுதினான். முடிவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சிவபாக்கியத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அலுவலகத்தில் புதுக் கிராணி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் முப்பத்தோராம் வருஷத் தாள், அதன் மேல் சன்னல் வெட்டிய அதே அட்டை.

"பரஞ்சோதி தேறிட்டானோ?" என்று கேட்டாள்.

"மன்னிக்கணும் அம்மா. உரியவர் வரணும், இல்லாட்டி பெத்தவங்க வரணும். மத்தவங்களுக்குச் சொல்லக் கூடாது. இங்க பழைய கிராணி வச்ச சட்டம்."

சிவபாக்கியத்துக்கு ஒரு கணம் சுருக்கென்று கோபம் வந்தது. மறுகணமே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, வீடு வரை தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் கிராணியம்மாவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள்.

வாசலில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. பரஞ்சோதி சாக்குப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான்.

"இப்ப பெட்டியில இடம் இருக்குமுல்ல, கிராணியம்மா?"

சிவபாக்கியம் உள்ளே போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள்.